ஸ்லைடில் ஒரு சொட்டு

ஸ்ரீலேகாவைக் கண்டாலே இசக்கிசெல்விக்கு வயிறு எரியும். இத்தனைக்கும் அந்தப் பெண் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. மாட்டுங்காவில், இருவரும் வேலை பார்க்கும் லேபுக்கு நாலு கட்டிடம் தள்ளி வீடு. மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தலை கலையாமல் வருவாள். செல்வி தாராவியிலிருந்து சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு வர வேண்டும். லேபை நடத்தும் மகாதேவன் சார் இருவருக்கும் ஒரே வேலையைத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அவர் சிரிப்பதெல்லாம் ஸ்ரீலேகாவைப் பார்த்துத்தான்.

வேலை இதுதான். கண்ணாடித் தொட்டியில் எண்ணெயும் தண்ணீரும் சுழன்று கலங்கிக்கொண்டிருக்கும். அதில் கொஞ்சம் பிப்பெட் குழாயில் உறிஞ்சி ஸ்லைடில் விட்டு, அடுத்த அறை மைக்ராஸ்கோப்பில் வைத்து, முந்நூறு எண்ணெய்த் துளிகளை ஒவ்வொன்றாய் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஐரோலி கம்பெனியில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலி. வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி மேனேஜர், இதே கலவைக்குத் தங்கள் மெஷின் காட்டிய அளவைக் கவரில் போட்டுக் கொண்டுவருவார். யாருடைய அளவு அதோடு ஒத்துப்போகிறதோ அவளுக்கு வேலை. இருவருக்கும் ஒத்துப்போனால் சார் சொல்வதுதான் முடிவு.

மூன்று வாரமாகச் செல்விக்கு அறுபது மைக்ரான், ஸ்ரீலேகாவுக்குத் தொண்ணூறு. காரணம் செல்விக்குத் தெரியும். கலக்கல் நின்றதும் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும். அடுத்த அறைக்கு நடக்கும் நேரமே போதும். செல்வி ஸ்லைடில் முதலிலேயே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டுவைப்பாள். துளிகள் சேராமல் அப்படியே நிற்கும்.

"முன்னாடியே என்னமோ விடறயே, என்ன அது?" என்று ஸ்ரீலேகா ஒருநாள் கேட்டாள்.

"சும்மா தண்ணிதாம். தூசி போவும்லா" என்றாள் செல்வி. சொல்லும்போது நெஞ்சு குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை செல்விதான் முதலில் எடுத்தாள். எடுத்து முடிக்கும்போது மேனேஜர் மராத்தியில் ஏதோ கேட்க, ஸ்ரீலேகா பதில் சொல்ல, சாரும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு சாம்பிளும் எடுத்துவைப்போம் என்று பிப்பெட்டைத் தொட்டிக்குள் விட்டு அழுத்தினாள். கண் அவர்கள் மேல்தான் இருந்தது. அழுத்திய பிறகுதான் பார்த்தாள்: அவள் எடுத்தது சோப்புத் தண்ணீர் பிப்பெட்.

சோப்பு தொட்டியில் கலந்துவிட்டது. இனி அதிலிருந்து யார் எடுத்தாலும் துளி சேராது. வாயைத் திறந்தால் மூன்று வாரமாக மறைத்ததும் வெளியே வரும். செல்வி பிப்பெட்டைத் திரும்ப வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள். அடுத்து ஸ்ரீலேகா வந்து எடுத்தாள்.

சார் கவரைப் பிரித்தார். அறுபத்தொன்று. செல்விக்கு அறுபது, ஸ்ரீலேகாவுக்கு ஐம்பத்தொன்பது.

"ரெண்டு பேருக்கும் மேட்ச் ஆயிடுத்து" என்றார் சார். "ஸ்ரீலேகா போகட்டும். மைக்ராஸ்கோப்புல அவ எடுத்த போட்டோ எல்லாம் ரொம்ப க்ளீன்."

செல்வி பிப்பெட்டுகளை அள்ளிக்கொண்டு சிங்க்குக்குப் போனாள். ஸ்ரீலேகா பின்னாலேயே ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கே நம்ப முடியலை செல்வி. நீ சொன்னயோன்னோ, இன்னிக்குத்தான் நானும் ஸ்லைடுல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பார்த்தேன். அதான் சரியா வந்துது. செல்வி சொல்லிக் குடுத்தான்னு சார் கிட்டயும் சொல்லிட்டேன்."

சோப்பில் செல்வியின் கை வழுக்கியது. ஸ்ரீலேகா இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.