கலாராணி மாற்றி வாசித்த கடைசிப் பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இது நான் சுட்ட கதை. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு வரும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கலாராணி சொன்னது. "எழுதுனா என் பேரப் போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

‘மலைமுகட்டில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த’ என்று ஆரம்பித்தேன். வேண்டாம். பூனாகலையில் பனி இறங்குவது ஒரு செய்தியா?

2

கலாராணிக்குத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை; தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. மத்தியானம் பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் தாய்மார் வந்து பால் கொடுக்கிற நேரத்தில், அவள் ஒரு நாவலைச் சத்தமாக வாசிப்பாள். தினம் பத்து நிமிடம். மழை பொய்த்த மண்ணை விட்டுக் கூலிக்கு அலையும் விவசாயக் குடும்பத்தின் கதை. (பெயர் சொல்ல மாட்டேன். முடிவை உடைத்துவிட்டேன் என்று என்னிடம் சண்டைக்கு வருவீர்கள்.)

நான்கு மாதம் கழித்து ஒரு பக்கம்தான் மிச்சம். அதைக் காலையிலேயே படித்துவிட்ட கலாராணிக்கு நெஞ்சு கனத்துப்போனது. வெள்ளத்தில் எல்லாம் போய்விடுகிறது. விதைக்கென்று முடிந்து வைத்திருந்த கடைசித் தானியத்தையும் அந்தத் தாய் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறாள். அவ்வளவுதான்.

மத்தியானம் வாசிக்க உட்கார்ந்தால், எதிரே கைப்பிள்ளையோடு கொழுந்து பறிக்கும் சிவசக்தி. அவள் புருஷன் ஜெயகுமார் மொனராகலைப் பக்கம் சோளம் போடக் குத்தகைக்கு நிலம் பேசியிருந்தான். தோட்டப் பதிவிலிருந்து பேரை வெட்டிக்கொண்டு போனால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். போவதா இருப்பதா என்று ஒரு மாதமாக அவளுக்குத் தூக்கமில்லை.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கலாராணியால் முடியவில்லை. மழை பெய்தது, கதிர் முற்றியது, நிலமும் கிடைத்தது என்று வாய்க்கு வந்ததை ‘வாசித்து’ முடித்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

3

மறுநாளே, சிவசக்தி பேர் வெட்டப் போகிறாள் என்று தோட்டத்தில் பேச்சு.

(கலாராணி வாயை மூடிக்கொண்டாள் என்று எழுதிப் பார்த்தேன். எனக்கு அது வசதி. அவளுக்கோ சோறு இறங்கவில்லை.)

சாயங்காலமே புத்தகத்தோடு லயத்துக்குப் போனாள். சிவசக்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சக்தி, நேத்து நான் வாசிச்சது பொய்யி."

"தெரியுங்கக்கா. ஒத்தப் பக்கம் மிச்சம்னு நீங்கதான சொன்னீங்க. அதுக்குள்ள வெதச்சு அறுத்தும் முடிச்சுட்டீங்க."

கலாராணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"பேர் வெட்ட ஆபீசுக்கு நாளைக்குத்தான் போகணும். உள்ளத வாசிங்க. கேட்டுட்டுப் போறதா வேணாமான்னு பாப்போம்."

வாசித்தாள். சிவசக்தி மடித்த துணியைப் பெட்டியில் வைத்தாள்.

"இதையா மறைச்சீங்க? நீங்க சொன்னதுல மழைதான் வந்துச்சு. இதுல மனுசியே இருக்காங்களே."

"எல்லாம் போயிருச்சேடி."

"போகட்டுங்கக்கா. அங்க நாங்க ஒண்ணுமில்லாம நின்னா இப்படி ஒருத்தி இருப்பா. இல்லாட்டி நான் இருந்துக்கிறேன்."

பெட்டியை மூடினாள்.

4

சோளம் விளைந்ததா என்கிறீர்கள். ‘அந்த வருஷம் மொனராகலையில் நல்ல மழை’ என்று எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். கலாராணி செய்ததையே நானும் செய்தால் எப்படி? அதற்குள் பஸ் பண்டாரவளைக்கு வந்துவிட்டது, அவளும் இறங்கிப் போய்விட்டாள்.

மொனராகலைப் பக்கம் போனால் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே ஒருத்தி "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், அவள்தான் சிவசக்தி.