அருணாசலம் என்ற பெயரில் இறந்தவன்

ஆழ்வார்குறிச்சியில் மோட்டார் பம்பு பழுதுபார்க்கும் சிவசைலத்தின் உண்மையான பெயர் அருணாசலம். ஐம்பத்துமூன்று வருஷமாக வீட்டை விட்டு வெளியே போகாத இந்த விஷயத்தை, போன புரட்டாசியில் ஆசிரியை சித்ரலேகாவிடம் சொல்லிவிட்டார். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் இறந்த உள்ளூர்ச் சிப்பாய்க்குப் பள்ளி வாசலில் நினைவுக்கல் நடுவதாக இருந்தார்கள். சிப்பாயின் வாழ்க்கைக் குறிப்பைத் திரட்டத்தான் அவள் வந்திருந்தாள்.

இறந்தது அவருடைய தம்பி, நிஜமான சிவசைலம். எட்டாவதோடு படிப்பை விட்டவன், வயது பதினாறு. பாளையங்கோட்டையில் ஆளெடுப்பு நடந்தபோது அண்ணனின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் காலத்துப் புத்தகத்தில் போட்டோ கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பெயர்க்காரர். ஒன்றரை வருஷத்தில் தந்தி வந்தது, அருணாசலம் இறந்துவிட்டான் என்று. உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்ட வழக்கு வரும் என்று அப்பா பயந்தார். குடும்ப அட்டையில் அருணாசலத்தை அடித்துவிட்டு, மிச்சமிருந்த பெயரை மிச்சமிருந்த மகனுக்குக் கொடுத்தார்கள். சான்றிதழும் இல்லாமல் போனதால் அவர் பம்பு வேலைக்குப் போனார்.

“கல்லுல அவன் பேரு வரட்டும் டீச்சரம்மா. எம் பேரு எதுக்கு அங்கன?” என்றார்.

சித்ரலேகா ராணுவ ஆவண அலுவலகத்துக்கு எழுதினாள். கோப்புக்கு மனுஷரைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும் என்று அவருக்கு விளக்கினாள். அண்ணன் தம்பி இருவருக்கும் வித்தியாசப்படுகிற ஏதாவது ஒன்று அதில் பதிவாகியிருந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். அவர் தினமும் தபால்காரரை விசாரித்தார்.

மார்கழிக் கடைசியில் பதில் வந்தது. பெயரை மாற்ற முகாந்திரம் இல்லை. சேரும்போது பதிந்த அங்க அடையாளம்: வலது புருவத்தின் மேல் வெட்டுத் தழும்பு. உடலை அடையாளம் கண்ட குறிப்பிலும் அதே தழும்பு. எல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

சித்ரலேகா நிமிர்ந்து அவர் புருவத்தைப் பார்த்தாள். நரைமயிருக்குள் வெள்ளைக் கோடாக இருந்தது.

“இது உங்க தழும்புல்லா அண்ணாச்சி? உங்க தம்பிக்கு எப்படி வந்துச்சு?”

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். சின்ன வயதில் கடனாநதிப் பாறையில் விழுந்து அவருக்கு வந்தது அது. புத்தகத்தில் அடையாளமாக ஏறியிருந்தது. தம்பிக்கோ புருவம் வழுவழுவென்று இருந்தது.

“சவரப் பிளேடு. வெட்டுனது நாந்தான். ஆடாம இருலேங்கேன், அவன் சிரிக்கான். நீளத்தை நூலால அளந்து, பைய வெட்டுனேன்.”

புதுக் காயம் காட்டிக்கொடுத்துவிடும் என்று, மஞ்சள் வைத்து, சிவப்பு வெளுக்கும்வரை அவனைக் காத்திருக்கச் சொன்னதும் அவர்தான். எந்த வேலையையும் அவர் அரைகுறையாகச் செய்ததில்லை.

சித்ரலேகா கடிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். கல்லில் பெயரை ஏற்கெனவே செதுக்கியாகிவிட்டது என்பதை வேறு அவள் சொல்ல வேண்டியிருந்தது.

குடியரசு தினத்தன்று அவள்தான் குறிப்பை வாசித்தாள். பள்ளிப் பதிவேட்டில் இருந்த பிறந்த தேதி, கணக்கில் முதல் மார்க்கு, நன்னடத்தை, எல்லாமே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவருடையவை. தலைமையாசிரியர் மாதிரி இருமிக் காட்டி அடிவாங்கிய பையன், மூச்சை அடக்கிக் கடனாநதியைக் கடந்தவன், அதில் எங்கும் இல்லை. அவனைப் பற்றி அவள் எழுதியிருந்த ஒரே வரியையும், ஆதாரம் இல்லை என்று விழாக்குழு அடித்துவிட்டது.

வீரர் அருணாசலத்தின் தம்பியை மாலை போட அழைத்தார்கள். அவர் எழுந்து போனார். சம்பங்கி மாலையைக் கல்லில் போட்டு, பெயர் மறையும்படி இரண்டு பக்கமும் இழுத்துவிட்டார். போட்டோ எடுப்பவர் வந்து, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, பெயர் தெரியும்படி மாலையை ஒதுக்கி வைத்தார்.