யானை அடிக்கு ஒரு மூடி

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை எனக்கு இலவசமாகக் கிடைத்தது. ஒரு மார்கழியில், ஒட்டுசுட்டான் பஸ்ஸில், எனக்கு முன்னால் நின்ற பெண் கொண்டக்டரிடம் சொன்னாள்: "யானை அடிய மூடி வச்சிட்டு வந்திருக்கேன். சீக்கிரம் போகணுங்க." அவர் ஏனென்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் இறங்கிப் போய்விட்டாள். கேட்டிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்காத குற்றத்துக்கு இப்போது கதை எழுதுகிறேன்.

2

தொடக்கம்: "வானம் கறுத்திருந்த ஒரு காலைப்பொழுதில், மீனம்மா தன் வயலை ஏக்கத்துடன்..."

வேண்டாம். மீனம்மாவுக்கு ஏங்க நேரமில்லை.

காட்டோரத்தில் அவளுக்கு ஒரு ஏக்கர். பயிர் முழங்கால் உயரம் வந்த வேளையில் யானைகள் இறங்கி மிதித்துத் துவைத்துவிட்டன. மறுபடி விதைப்பவர்களுக்கு அரசாங்க மானியம் உண்டு. ஆனால் அதிகாரி வந்து அழிவைக் கண்ணால் பார்க்கவேண்டும். மீனம்மா அதிகாரியின் கந்தோருக்குப் போனாள்.

"வாற கிழமை வருவன் அம்மா. அதுவரைக்கும் வயலிலை கை வைக்காதைங்கோ," என்றார் அதிகாரி தவராசா.

வாற கிழமை வந்தது, தவராசா வரவில்லை. அதற்கடுத்த கிழமை மழை வந்தது.

(இந்த இடத்தில் தவராசாவைக் கெட்டவராக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் மனிசனுக்கு நாலு ஊர், ஒரே சைக்கிள், பாதி வழியில் வெள்ளம். மன்னித்துவிட்டேன்.)

3

வீட்டில் இருந்தது ஒரே மூட்டை நெல், சாப்பாட்டுக்கு வைத்தது. அதை விதைத்தால், மானியம் வந்தால்தான் சோறு. விதைக்காமல் அழிவைக் காவல் காத்தால், இந்த ஈரம் போய்விடும், போகமும் போய்விடும்.

அவளை இன்னும் ஒரு கிழமை அழவைக்கலாம் என்றுதான் நான் இருந்தேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. வயலை உழுவித்து, மூட்டையை அவிழ்த்து விதைத்துவிட்டாள். மூலையில் ஒரேயொரு யானை அடியை, அந்தக் காலடித் தடத்தை, மட்டும் விட்டுவைத்து, சுற்றிவரச் சின்ன வரம்பு கட்டி, உடுப்புத் தோய்க்கும் பேசினை அதன்மேல் கவிழ்த்துக் கல்லும் வைத்தாள்.*

* பிறகு உடுப்பை எதில் தோய்த்தார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியாது.

4

பத்து நாள் மரவள்ளிக் கிழங்கு. பதினோராம் நாள், செருப்பைக் கையில் பிடித்தபடி தவராசா வந்து சேர்ந்தார். வயல் பச்சையாக முளைத்து நின்றது.

"எங்கையம்மா அழிவு?"

மீனம்மா பேசினைத் தூக்கினாள். "இந்தா இருக்குங்கய்யா."

அவர் குந்தியிருந்து பார்த்தார். நக அடையாளங்கூடக் கலையாத அருமையான அடி.

"ஒரு ஏக்கருக்கு ஒரு அடிதானோ?"

"நொண்டியடிச்சா வந்துச்சு? மத்ததெல்லாம் உழுதாச்சுங்க. நீங்க வர்ற வரைக்கும் மழை காத்துக்கிட்டு நிக்குமா?"

தவராசா சிரித்துவிட்டார். பிறகு படிவத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அதில் ஒரு கேள்வி: அழிவு தற்போதும் காணப்படுகிறதா? ஆம் / இல்லை. இரண்டில் ஒன்றை வெட்டவேண்டும்.

5

முடிவுகள்:

அ) 'ஆம்.' நானும் மகிழ்வேன். ஆனால் மேலதிகாரி ஒருநாள் வந்து பச்சை வயலைப் பார்த்தால், தவராசாவின் வேலை?

ஆ) 'இல்லை.' எழுதிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.

இ) யானைகளே திரும்பி வந்து சாட்சி சொல்கின்றன. அபாரமான முடிவு. புதுப் பயிரும் போய்விடும் என்பதால் மீனம்மா சம்மதிக்கவில்லை.

ஆகவே தவராசாவின் பேனாவை உங்களிடமே தருகிறேன். யோசியுங்கள், ஆனால் நிறைய நேரமில்லை. பேசின் மீனம்மாவின் இடுப்பில் இருக்கிறது, அடி திறந்து கிடக்கிறது, தூறல் தொடங்கிவிட்டது. அவள் அதைத் திரும்ப மூடவில்லை. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எழுதுங்கய்யா," என்கிறாள். "நனையுது."