மேல் வயலில் ஓர் ஆண் செடி

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பேசினில் பிறந்தது. முற்றத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த பேசின்மேல் நேற்று ஆலங்கட்டி விழுந்தது. டப், டப், டப். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முன்பெல்லாம் குளிர்காலத்தில் எங்கள் கேத்தாமா மலை முழுக்க இதே சத்தம்தான். பேசின் வாயில் மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, காய்ந்த கஞ்சாவை அதன்மேல் பரப்பிக் குச்சிகளால் தட்டுவோம். வியாபாரி வாங்கும் பொடி கீழே இறங்கும். விதை மேலே தங்கும், அடுத்த விதைப்புக்கு.

2

"யாம்னா சோகத்தோடு மலையையே பார்த்துக்கொண்டு…"

(இந்த முதல் வரி வேண்டாம். அவள் சும்மா நிற்கிறவளே இல்லை.)

யாம்னா ஆண் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

இது சரி. கணவன் ஹத்தூ கடல் தாண்டி ஸ்பெயினில் தக்காளிப் பண்ணையில் வேலைக்குப் போயிருக்கிறான். மேல் வயலில் அவள் போட்டிருப்பது மழைத் தண்ணீரிலேயே வளரும் நாட்டு விதை, பெல்தியா. கீழ் வயலில் கொழுந்தன் மீமூன் முதல்முறையாக வெளிநாட்டு விதை போட்டிருக்கிறான். அத்தனையும் பெண் செடி. ஆண் செடியின் மகரந்தம் பட்டால் பூவெல்லாம் விதையாகிவிடும், வியாபாரி திரும்பிப் பார்க்கமாட்டான். இந்த அறுவடையை நம்பித்தான் மீமூனின் கல்யாணம்.*

* முதலில் அவனை வில்லனாக எழுதினேன். ஒட்டவில்லை. அண்ணனும் அண்ணியும் ஒரே தாளத்தில் தட்டும் சத்தம் கேட்டால்தான் சின்ன வயதில் தூங்குவான்.

3

"ஒண்ணுகூட விடக்கூடாது அண்ணி. காத்து கீழ் பக்கமாத்தான் அடிக்குது."

"எல்லாத்தையும் புடுங்கிட்டா விதைக்கு எங்கடா போவேன்? பானையில இருந்தத எலி தின்னுடுச்சு. மிச்சத்தப் போட்டாச்சு. ஊர்ல வேற யார்கிட்டயும் இது இல்ல."

"நான் நல்ல விதையா வாங்கித் தரேன்."

"உன் செடி பொழுதுக்கும் தண்ணி கேக்குது. வரப்போறவளும் அப்படித்தானா?"

மீமூன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே, காலையில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

4

அத்திமரத்துக்குப் பின்னால் நின்ற ஓர் ஆண் செடியை மட்டும் அவள் பிடுங்கவில்லை. தங்கள் கல்யாணத்துக்கு ஹத்தூ வாங்கித் தந்த, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கனத்த இடுப்புத் துணியை எடுத்துவந்தாள். அந்தச் செடியையும் பக்கத்துப் பெண் செடியையும் சேர்த்து மூடிக் கட்டினாள். உள்ளே விதை பிடிக்கும், வெளியே மகரந்தத் தூசி போகாது.

(புத்திசாலித்தனம்தான். ஆனால் மலைக்காற்று எந்த முடிச்சையும் மதித்து நான் பார்த்ததில்லை.)

5

காலையில் வந்த மீமூன் அத்திமரத்துக்குப் பின்னால் துணியைப் பார்த்தான். யாருடையது என்று தெரிந்துகொண்டான். ஒரு முடிச்சு அவிழ்ந்து, முனை படபடத்துக்கொண்டிருந்தது.

முடிவு ஒன்று: வேரோடு பிடுங்குகிறான். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கிறது. அடுத்த வருடம், தட்ட ஒன்றுமில்லாத யாம்னாவின் பேசினில் கோழி தண்ணீர் குடிக்கிறது.

முடிவு இரண்டு: முடிச்சை இறுக்கிக் கட்டுகிறான். ஆனால் அதற்குள் ஒரு காற்று…

இரண்டையும் கிழித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவன் குனிந்து அந்தத் துணியைத் தொட்டான். தொட்டதும் அவன் விரல்கள் தங்களையறியாமல் தட்டின. டப், டப். உள்ளே மகரந்தம் பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் சட்டென்று கையை நிறுத்தி, கீழே தன் வயலைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தக் கை இன்னும் துணிமேல்தான் இருக்கிறது. பிடுங்கச் சொல்வதோ கட்டச் சொல்வதோ, இனி உங்கள் பாடு.