ஞாயிறு வரைக்கும் போட்ட புள்ளடிகள்

1

இந்தக் கதை வெட்டப்பட்ட ஒரு வசனத்திலிருந்து வந்தது. என்னுடைய முதுகலை ஆய்வேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில் அந்த வசனம் இருந்தது. இப்போது இல்லை. யாரும் அதைத் தேடப்போவதுமில்லை. தாதியரின் ஆய்வேடுகளை எழுதியவரும் பரிசோதகரும் கறையானும்தான் வாசிப்பது வழக்கம்.

வெட்டியது விதிப்படி. அதை இங்கே எழுதுவது விதிக்குப் புறம்பு. கதை என்று பெயர் வைத்தால் பரவாயில்லை என்று எனக்கு நானே ஒரு சலுகை கொடுத்துக்கொண்டேன். சரி, தொடக்கத்துக்கு வருவோம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

"கடற்காற்று உப்பை அள்ளிக்கொண்டு வீசிய ஒரு மாலை" (கதை நடக்கும் குருநகர் என்றதும் கடற்காற்று என்று எழுதுவது சோம்பல். நான் போனது காலையில். மணத்தது நண்டு.)

"மூன்று வருடங்களுக்கு முன் ஜெசிதா ஒரு பிள்ளையை" (பெற்றாள் என்பதா, இழந்தாள் என்பதா? இரண்டும் ஒரே நாளில், ஒரே கட்டிலில் நடந்தவை. வசனம் அப்படியே நின்றுவிட்டது.)

"நான் ஒரு நல்ல தாதி." (இதை எழுதிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்து பார்க்கவும் அது அங்கேயே இருந்தது. வெட்டினேன்.)

ஆகவே தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

2

கர்ப்பிணித் தாய்மாருக்குக் கடைசி மாதங்களில் ஓர் அட்டை கொடுப்போம். நாங்கள் துடிப்பு அட்டை என்போம். காலை ஒன்பது மணியிலிருந்து பிள்ளை வயிற்றுக்குள் அசைவதை எண்ணவேண்டும். பத்தாவது துடிப்பு எத்தனை மணிக்கு வந்ததோ, அந்த நாளின் வரிசையில் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளடி, பெருக்கல் குறிபோல. இரவாகியும் பத்து வராவிட்டால் யோசிக்காமல் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். அவ்வளவுதான். காசில்லாத, ஊசியில்லாத, ஒரு பேனையால் ஆகிற வைத்தியம்.

அந்த அட்டைகளைத் தாய்மார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதே என் ஆய்வு. முதலில் முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகளைச் சேர்த்தேன். பெரும்பாலானவற்றில் ஒரு கட்டமும் தவறவில்லை. எங்கள் சனம் இவ்வளவு ஒழுங்காக வேறெந்தப் படிவத்தையும் நிரப்பி நான் கண்டதில்லை.

என் மேற்பார்வையாளர் கோபிசங்கர் சேர் கணினித் திரையைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"தரவு நல்ல வடிவா வந்திருக்கு, துஷாந்தினி."

"ஓம் சேர்."

ஒரு மாதத்துப் புள்ளடிகள் எல்லாம் ஒரே பேனையில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் இருந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. கிளினிக்கில் வேலை செய்த எவருக்கும் அது தெரியும். கிளினிக் நாள் காலையில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, கைப்பையை மடியில் வைத்து மாதம் முழுவதையும் போட்டுவிடுவார்கள். வெறும் கட்டத்தோடு வந்தால் ஏச்சு விழும். ஏச்சுக்குப் பயந்து புள்ளடி. புள்ளடியைப் பார்த்து எங்களுக்கு நிம்மதி. எல்லோரும் சேர்ந்து ஒரு பொய்யை அவ்வளவு பக்குவமாக வளர்த்து வைத்திருந்தோம்.

ஆய்வின் இரண்டாம் பகுதி, கடைசி மாதத்தில் பிள்ளையை இழந்த பதினொரு பெண்களோடு பேசுவது. ஜெசிதா பதினோராவது. ஆய்வேட்டில் அவள் பெயர் ப.11, அதாவது பங்குபற்றுநர் பதினொன்று.

(ஆய்வேட்டில் 'அவர்'. இங்கே 'அவள்'. மரியாதை குறைந்ததா நெருக்கம் கூடியதா என்று எனக்கே தெரியவில்லை. நெருங்க எனக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் இந்தக் கதை.)

3

நான் குருநகருக்குப் போனபோது அவளுடைய கணவன் எமில்ராஜ் கடலுக்குப் போயிருந்தான். அவன் இல்லாத நேரம் பார்த்துத்தான் வரச்சொல்லியிருந்தாள். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைத்தேன். அவள் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். நெகிழிக் கடதாசி சுற்றியிருந்தது. அட்டையின் அடிப்பகுதி கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது.

"இது இவர் வைச்சிருக்கிறது மிஸ். பிள்ளையின்ரை எண்டு எங்களிட்டை இருக்கிறது இது மட்டுந்தான். படம் எடுக்க எங்களுக்கு மனம் வரேல்லை. ஒவ்வொரு புள்ளடியும் தம்பி உதைச்சது எண்டு இவர் சொல்லுவார். கடலுக்குப் போக முந்தி தொட்டுக் கும்பிட்டிட்டுத்தான் போவார்."

"கீழை வெட்டியிருக்கு."

"ஓம். நான்தான் வெட்டினனான்."

அவள் கருவியைப் பார்த்தாள். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். நெறிமுறைக் குழு பார்த்திருந்தால் மெச்சியிருக்கும், அவ்வளவு ஒழுங்காகக் கேட்டேன்.

"நான் ஒரு நாளும் எண்ணேல்லை மிஸ். காலமை ஆறு மணிக்கு நண்டுக் கொம்பனி வான் வந்திடும். நாலு மணி வரைக்கும் ஐஸுக்குள்ளை கை. நண்டு உடைச்சுச் சதை எடுக்கேக்கை வயித்துக்குள்ளை என்ன நடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? திங்கக்கிழமையே ஏழு நாளுக்கும் சேர்த்துப் போட்டிடுவன். அந்தக் கிழமையும் ஞாயிறு வரைக்கும் போட்டிட்டன். வெள்ளிக்கிழமை வயிறு ஒரு மாதிரிக் கல்லுப்போல கிடக்குதெண்டு போனன். ஸ்கான் பண்ணிப்போட்டுச் சொல்லிச்சினம், பிள்ளை முதல் நாளே போயிட்டுதாம்."

வியாழன் போன பிள்ளை வெள்ளியும் சனியும் ஞாயிறும் அந்த அட்டையில் உதைத்துக்கொண்டிருந்தது. வைத்தியசாலையில் அதை எவரும் கவனிக்கவில்லை. அட்டையை மற்றக் கடதாசிகளோடு சேர்த்துப் பையில் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்றே அவள் கடைசி மூன்று நாட்களையும் வெட்டி அடுப்பில் போட்டாள். மிச்சம்தான் மாதாவுக்குப் பின்னால் இருக்கிறது.

"மிச்சமும் பொய்தான். ஆனால் அதை எப்பிடி மிஸ் இவரிட்டைச் சொல்லுறது? அதையும் பறிச்சால் மனுசனுக்கு என்ன கிடக்கு?"

4

ஏன் பொய்யாக நிரப்பினாய் என்று நான் கேட்கவில்லை. ஆய்வாளர் பங்குபற்றுநரைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்கக்கூடாது. "அட்டையை நிரப்புவது பற்றிக் கிளினிக்கில் உங்களுக்கு என்ன அனுபவம்?" என்று கேட்டேன். படிவத்தில் ஆறாவது கேள்வி.

"ஒருக்கா வெறும் கட்டத்தோடை போனனான். அங்கை ஒரு மிஸ் நிண்டவா. கொரோனா நேரம், மாஸ்க் போட்டிருந்தவா. எல்லாருக்கும் முன்னாலை கேட்டவா: பிள்ளைக்கு உதைக்கக் கால் இருக்கு, உமக்குக் கீறக் கை இல்லையோ எண்டு. வரிசையிலை நிண்ட எல்லாரும் சிரிச்சவை. அதுக்குப் பிறகு நான் கட்டம் விட்டதேயில்லை."

இதுதான் வெட்டப்பட்ட வசனம்.

இது என்னுடைய வசனம். வேறு எந்தத் தாதியும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு நாள் தற்செயலாக வாயில் வந்தது, வரிசை சிரித்தது, பிறகு அதைக் கைவசம் வைத்துக்கொண்டேன். கிளினிக் நெரிசலில் சனத்தைச் சிரிக்கவைத்து வேலை வாங்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. எத்தனை பேருக்குச் சொன்னேனோ தெரியாது. இவளுக்குச் சொன்னது நினைவில் இல்லை. அதுதான் மோசம். அவள் நெஞ்சில் மூன்று வருடமாகக் கிடந்த ஒன்று எனக்கு ஒரு வழமையான திங்கட்கிழமை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுக்கவில்லை. "விளங்குது, சொல்லுங்கோ" என்று தலையாட்டியது. ஒலிப்பதிவில் அந்தக் குரல் இருக்கிறது. பலமுறை போட்டுக் கேட்டேன். நல்ல பயிற்சி பெற்ற குரல்.

பிறகு அவள் கேட்டாள்: "மிஸ், நீங்கள் படிச்சனீங்கள். நான் ஒழுங்கா எண்ணியிருந்தால் அவன் இருந்திருப்பானோ?"

எண்ணுவதால் இறப்புக் குறைகிறது என்று பெரிய ஆய்வுகள்கூட உறுதியாகச் சொல்லவில்லை. துடிப்புக் குறைந்ததைக் கண்டு நேரத்துக்கு வந்தவர்களில் பிழைத்த பிள்ளைகளையும் நான் கையில் ஏந்தியிருக்கிறேன். இரண்டும் உண்மை. நான் சொன்னது: "அப்பிடித் தெளிவாச் சொல்லேலாது." அவள் தலை குனிந்தாள். அந்தப் பதிலில் ஒருவர் ஒரு வாழ்நாள் முழுவதும் கிடந்து உருளலாம்.

5

கதை என்று வந்தால் முடிவு வேண்டும். சில முடிவுகளை வைத்துப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. நான் சொல்கிறேன். "அந்த மிஸ் நான்தான்." அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், அவள் என் கையைப் (இதற்கு மேல் எழுத வெட்கமாக இருந்தது. பாதிக்கப்பட்டவளைக்கொண்டே ஆறுதல் சொல்லவைக்கும் கதைகளை நான் நிறைய வாசித்திருக்கிறேன்.)

முடிவு இரண்டு. அவளுக்கு முதலே தெரியும். "குரல் தெரியும் மிஸ். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு நாள் சந்தோசமாகக்கூட இருந்தேன். பிறகுதான் விளங்கியது, இதில் எல்லா வேலையையும் அவள் செய்கிறாள். நான் கதிரையில் இருந்தபடியே பிடிபடுகிறேன், அவ்வளவுதான். பிடிபடுவது சொல்வதைவிட எவ்வளவோ சுகம்.

முடிவு மூன்று. தாதியை வேறு ஒருத்தி ஆக்குவது. வசந்தினி என்று பெயர்கூட வைத்தேன். கொஞ்சம் கொடூரமான, மூக்குக்கண்ணாடி போட்ட (நான் கண்ணாடி போடுவதில்லை) ஒரு பாத்திரம். நான்கு பக்கம் நன்றாகவே வந்தாள். அவளை வெறுப்பது அவ்வளவு இலகுவாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

6

நடந்தது இது.

பேட்டியை எழுத்தில் இறக்கியபின் பங்குபற்றுநரிடம் திருப்பிக் காட்டவேண்டும். தான் சொன்னதில் எதையும் நீக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஒப்புதல் படிவத்தில் அந்த வரியை எழுதியதே நான். போகும் வழியெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். ஸ்கூட்டியில் போகும்போது வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன்.

ஜெசிதா பதினாறு பக்கத்தையும் விரலை வைத்து வாசித்தாள். எண்ணாததைச் சொன்ன இடத்தை வெட்டவில்லை. கத்தரிக்கோலை வெட்டவில்லை. ஒரே ஒரு இடத்தில் நின்று பேனையைக் கேட்டாள்.

"இந்த மிஸ் ஏசினதை எடுத்துவிடுங்கோ."

"ஏன்?"

"அவவுக்கு ஏதும் பிரச்சினை வரும். அவவுக்கும் பிள்ளை குட்டி இருக்குந்தானே. எத்தினை பேரைப் பாக்கிறது, வாயிலை வாறதுதான். அவ கீறச் சொன்னவா. பொய்யாக் கீறச் சொல்லேல்லையே. அது நான் செய்தது."

அவள் அந்த வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அது போனதும் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு குற்றவாளிதான் மிஞ்சினாள்.

அந்த நேரம் சொல்லியிருக்கவேண்டும். அதைவிட நல்ல நேரம் ஒரு மனிதருக்குக் கிடைக்காது. வாயைத் திறந்தேன்.

"இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றேன்.

வைத்தாள். வாசல் வரை வந்து, "கவனமாப் போங்கோ மிஸ்" என்றாள். வீட்டுக்கு வந்து அந்த வசனத்தைக் கணினியிலும் அழித்தேன். என் வாழ்நாளில் எந்த விதியையும் இவ்வளவு உடனடியாகப் பின்பற்றியதில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியதை மறைக்கமாட்டேன். அதற்காகவே என்னை நான் வெறுக்கிறேன்.

ஆய்வேடு சித்தியடைந்தது. முடிவுரையில் இப்படி இருக்கிறது: "துடிப்பு அட்டையைச் சரியாக நிரப்புவது தொடர்பில் தாய்மாருக்கு மேலதிக விழிப்புணர்வு அவசியம்." கோபிசங்கர் சேர் அந்த வரியைக் குறிப்பிட்டுப் பாராட்டினார். ஆய்வாளரின் நிலைப்பாடு என்ற பகுதியில் ஒரே ஒரு வரி: "ஆய்வாளர் தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றிய அனுபவம் உள்ளவர்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கமுடியாது என்று யார் சொன்னது? வரி வரியாக வெட்டினால் மறைக்கலாம்.

7

இதை அச்சில் கண்டால் அவளுக்கு விளங்கிவிடும் என்ற நப்பாசையில்தான் எழுதத் தொடங்கினேன். நேரே சொல்லமுடியாததைக் கதை சொல்லிவிடும் என்று நினைத்தேன். ஆனால் எழுத எழுதக் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. அவள் பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். நண்டுக் கொம்பனி உண்மையில் வேறு ஒரு வேலை. அட்டையை அவன் வைத்திருந்தது மாதாவுக்குப் பின்னால் இல்லை. நான் வாயால் சொன்ன அந்த வசனத்தைக்கூடச் சற்றுத் திருத்தித்தான் எழுதியிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் செய்வதில் எங்களுக்கு அவ்வளவு நல்ல பயிற்சி. இப்போது அவளே இதை வாசித்தாலும், பாவம் ஆரோ ஒரு பெண் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

ஆகவே முடிவை உங்களிடம் தருகிறேன். குருநகரில் தேடவேண்டாம், அவள் அங்கே இல்லை. ஆனால் ஒரு பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடு எங்கள் தீபகற்பத்தில் எங்காவது உங்கள் கண்ணில் படலாம். பட்டால், கணவன் இல்லாத நேரம் பார்த்து அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: அந்தப் பொய்யை அவள் தனியாகச் சொல்லவில்லை என்று. அதைச் சொல்லவைத்தவள் ஒருத்தி இருக்கிறாள், தான் சொல்லவைத்தது அவளுக்கே தெரியும் என்று.

அவள் உடனே நம்பமாட்டாள். உங்கள் முகத்தைப் பார்த்து, ஆர் உங்களுக்கு இதைச் சொன்னது என்று கேட்பாள்.

என் பெயரைச் சொல்லுங்கள் என்று இந்த இடத்தில் எழுதினேன். வெட்டினேன். திரும்ப எழுதினேன். நீங்கள் இதை வாசிக்கும்போது அந்த வரி இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.