கொடி இறங்காத அரை மணி

1.

இந்தக் கதை கோபத்தில் தொடங்கியது. போன மாதம் பென்னாகரம் சந்தையில் ஒருவன் கேட்டான்: "தீர்த்தன் பந்தயத்துல தோத்தவன்தானே?" அதனால் எழுதுகிறேன். ரோட்டுக்குச் சல்லி உடைத்த கை. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தது. வரி கோணும்.

முதல் வரி: 'கடல்போல் விரிந்த அணைத் தண்ணீரில் மாலை வெயில்...'

(அடித்துவிட்டேன். அந்தத் தண்ணீருக்கு அடியில் தீர்த்தனின் கம்பங்காடு கிடக்கிறது.)

2.

முப்பத்தேழாம் வருஷம். தண்ணீர் ஏறிய பிறகு அக்கரைக்குப் படகுத்துறை வேண்டியிருந்தது. ஓட்டும் உரிமை யாருக்கு என்பதற்கு அணையின் வெள்ளைக்கார இன்ஜினீயர் துரை தம் ஊர்ப் பந்தயம் ஒன்றை வைத்தார். மெதுவான படகு முதலில் கிளம்பும். வேகமானது பிறகு கிளம்பித் துரத்தும். எல்லைக்கோடு இல்லை. நான்கு மணிக்கு விசில். அப்போது முன்னால் இருப்பவனுக்குத் துறை.

முந்தின நாளே இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்து, கிளம்பும் நேரம் குறித்தார். தீர்த்தனின் பரிசலுக்கு மூன்று மணி. நிலக்காரர் குப்புராஜின் பாய்ப்படகுக்கு மூன்றரை. கொடி பிடிக்க நான். அதை இறக்கினால்தான் படகு கிளம்பலாம்.

(நிலம் போனவனுக்கு அரை மணி முன்னால் கொடுத்த கணக்கு. அதுவரை எங்களை முன்னால் போகச் சொன்னவர் யாருமில்லை.)

3.

குப்புராஜுக்கு உருட்டும் விழிகள் வைத்து எழுதிப் பார்த்தேன். பொய். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"ஏம்பா ஆண்டி, கோயில்ல மொத மரியாதி யாருக்கு?"

"எசமானுக்குத்தானுங்க" என்றார் மேஸ்திரி ஆண்டி.

"இங்க மட்டும் அவன் முதுகப் பாத்துக்கிட்டு நான் குந்தியிருக்கணுமா?"

ஆண்டி என்னிடம் திரும்பினார். "மொதல்ல எசமானுக்கு எறக்கு. அப்பறம் தூக்குன கொடி மூணரை வரைக்கும் எறங்கக்கூடாது."

"துரை மாத்திச் சொன்னாருங்களே."

"துரை நடுத்தண்ணியில போட்டுல இருக்காரு. நாளைக்கி உன்ன வேலைக்கிக் கூப்புடறது துரையா, நானா?"

மூன்று மணிக்கு இறக்கினேன். பாய் காற்றைப் பிடித்தது. ஆண்டி கரையோடு அதன் பின்னால் ஓடினார். நான் மறுபடி கொடியைத் தூக்கினேன்.

கரையில் நின்ற தீர்த்தனின் பெண்டாட்டி செல்லி கேட்டாள்: "ஏண்ணா, கை வலிக்கலியா? எம் புருசனுக்கும் கொஞ்சம் எறக்கறது."

"வுடு செல்லி" என்றான் பரிசலில் இருந்த தீர்த்தன். "அண்ணனுக்குக் கடியாரமும் மேஸ்திரி, கண்ணும் மேஸ்திரி."

4.

ஒரு முடிவு: காற்று நிற்கிறது, பாய் தொங்குகிறது, தீர்த்தன் முந்துகிறான். கிழித்துவிட்டேன். நீங்கள் காற்றுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள்.

இன்னொன்று: துரைக்கு விஷயம் தெரிகிறது, அவர் வந்து...

வரவில்லை. யார் முன்னால் என்று மட்டும் பார்த்து விசில் ஊதினார். மறுவாரம் அக்கரைக் கூலி வேலைக்குத் தீர்த்தன் அந்தப் பாய்ப்படகில்தான் போனான், தன் காட்டுக்கு மேலேயே நின்றுகொண்டு. இது நடந்தது. இதை முடிவு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது: அந்த அரை மணியில் என்னைக் காவல் காக்க ஒருவரும் இல்லை. பரிசல் இரண்டு முழம் தள்ளி. தீர்த்தன் துடுப்பைத் தண்ணீரில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை

இதற்குமேல் எனக்கு வராது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால், 'நானாக இருந்தால் இறக்கியிருப்பேன்' என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லாதீர்கள். எழுந்து, ஒரு கையைத் தூக்கி, அரை மணி நேரம் நின்றுவிட்டுச் சொல்லுங்கள்.