நூற்று முப்பதைத் தாண்டாமல்

பத்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் பழுதுபார்க்க ஒற்றைக் கயிற்றை நம்பித் தொங்குகிறவன் நான். அங்கே ஒருநாளும் பயந்ததில்லை. என் நெஞ்சுக்குள் இருக்கும் கைப்பிடி அளவு சதைக்குத்தான் பயந்தேன். போன வருடம் அதில் அடைப்பு நீக்கி, ஸ்டென்ட் ஒன்றை வைத்து அனுப்பியதிலிருந்து, ஏப்பம் வந்தால்கூடக் கதை முடிந்தது என்றுதான் நினைப்பேன். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"ஓடுங்க" என்றார் டாக்டர்.

"மாடி ஏறவே பயமா இருக்கு சார்."

"மெதுவா ஓடுங்க. நெஞ்சுல ஒரு பட்டி கட்டிக்கிட்டா, துடிப்பு எவ்வளவுன்னு கை வாட்ச்சுல காட்டும். நூத்தி முப்பதைத் தாண்டினா நடங்க. பேசிக்கிட்டே ஓட முடியணும், அதான் கணக்கு."

பேச ஆள் வேண்டுமே. மருந்துக்கடைக் கவுண்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் என் மனைவியை இழுத்தேன். தனியாக ஓடினால் எங்காவது விழுந்துகிடப்பேன் என்ற பயம்தான். அதைத் துணை என்று நாகரிகமாகச் சொன்னேன். அவளுக்கும் ஒரு பட்டி, ஒரு வாட்ச். "நான் என்ன நோயாளியா?" என்று முணுமுணுத்தபடியே கட்டிக்கொண்டாள். வாட்ச் கத்தித் தொலைக்கக் கூடாதென்று சத்தத்தை அணைத்தவள், அதற்குப் பிறகு அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஆரம்பத்தில் நான் பாதையைப் பார்க்கவே இல்லை, எண்ணைத்தான் பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு என்றால் நாக்கு உலரும். நூற்று முப்பத்தொன்று என்றால் நின்றுவிடுவேன். தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு போனவள்கூட எங்களை முந்தினாள். "ஆமை பார்த்தா வெக்கப்படும்" என்பாள் மனைவி.

ஆனால் பேசினோம். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் பேசாததையெல்லாம் பேசினோம். மாத்திரையின் பெயர் வாயில் நுழையாமல் "அந்த மஞ்சளா, வட்டமா இருக்குமே" என்று கேட்பவர்களை அவள் நடித்துக் காட்டுவாள். சிரித்தால் எண் ஏறும், ஏறினால் பயம் வரும், பயந்தால் இன்னும் ஏறும். அப்படியே போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் ஆற்றோரப் பாதையில் திரும்பும்போது வாட்ச்சைப் பார்க்கவே மறந்திருந்தேன். கால் தானாகப் போனது, காற்று முகத்தில் அடித்தது. ஓடுவது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. வெளியே சொல்லவில்லை, கண் பட்டுவிடும்.

பட்டதோ என்னவோ, அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பாதிப் பாதையில் என் வாட்ச் கத்தியது. நூற்று எழுபத்தாறு.

கண் இருட்டியது. பாதையோர பெஞ்சில் உட்கார்ந்தேன். வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. வலியே இல்லாமலும் வரும் என்று எங்கோ படித்தது அப்போதுதானா நினைவுக்கு வர வேண்டும்? உட்கார்ந்தும் எண் இறங்கவில்லை, நூற்று எண்பத்திரண்டு ஆனது.

"அவ்வளவுதாம்மா. நான் போறேன்."

"மொதல்ல வாயைக் கழுவுங்க." என் எதிரே கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள். பேச்சு விட்டுவிட்டு வந்தது. முதல் தடவையாகத் தன் வாட்ச்சைப் பார்த்தாள். "எனக்கு நூத்திப் பத்துதான். அதுவும் எறங்கிக்கிட்டே வருது."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன். துடிப்பு பிசகாமல், நிதானமாக இருந்தது. என் வாட்ச்சில் நூற்று எண்பத்தைந்து. அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். நூற்று இரண்டு, அப்புறம் தொண்ணூற்றெட்டு. விரலுக்கு அடியில் என் துடிப்பும் அதே கணக்கில்தான் அடங்கிக்கொண்டிருந்தது.

பட்டிகளை அலசிக் குளியலறையில் ஒரே கொக்கியில் மாட்டுவது என் வேலை. இரண்டும் கறுப்பு. அன்றைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். என் வாட்ச்சில் கத்திக்கொண்டிருந்தது அவளுடைய நெஞ்சு.

அதுவரை நான் பட்டதெல்லாம் பயமே இல்லை.

"உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்லையே."

"பட்டி மாறிப்போச்சு. இது உன்னோட எண்ணு. சொல்லு, என்ன செய்யுது?"

அவள் என் வாட்ச்சைப் பார்த்தாள். மெல்ல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது, எப்போதிலிருந்தோ.

"படபடன்னு வருது. கொஞ்ச நாளாவே வரும், போகும். இன்னிக்குப் போக மாட்டேங்குது."

"ஏன் சொல்லல?"

"உங்க பயத்துக்கு நடுவுல என்னோடதை எங்கங்க கொண்டுபோய் வைக்கிறது?"

சாலைக்கு ஓடி டாக்ஸியை மறித்தேன். வண்டிக்குள் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இப்ப எவ்வளவு?" என்று கேட்டாள். "கொறையுது" என்றேன். நூற்றுத் தொண்ணூறு.

அவசரப் பிரிவில் அவளைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. என் வாட்ச்சில் எண் கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு போய்விட்டது. இரண்டு சின்னக் கோடுகள்தான் மிச்சம். தூரம் போனால் சிக்னல் விட்டுப்போகும், தெரியும். பட்டியைக் கழற்றியிருப்பார்கள், அதுவும் தெரியும். லிஃப்ட் நடுவில் நின்று அலறுகிறவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வது என் பிழைப்பு. எனக்கு நானே ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்தபடி சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் வந்தார்.

"அந்தம்மாவோட வீட்டுக்காரர் நீங்கதானே?"

தலையை ஆட்டினேன்.

"ஊசி போட்டிருக்கோம். இன்னும் வேகமாத்தான் இருக்கு, டாக்டர் கூடவே இருக்கார். ஆனா அவங்க படுக்கவே மாட்டேங்கிறாங்க. கையில இருக்கிற வாட்ச்சைக் கழட்டவும் விடல. அதுல உங்க நம்பர் நின்னு போச்சாம், வெளிய போய்ப் பாருங்கன்னு ஒரே அழுகை. உங்களைக் கொஞ்சம் கதவுகிட்ட வந்து நிக்கச் சொல்றாங்க."

எழுந்து போய், அவளுடைய பட்டி கட்டியிருந்த நெஞ்சைக் கதவோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.